மாமன் முறையும் துண்டுக் கணக்கும்

மலையகப் புனைகதை பற்றிய விமரிசனங்களில் ஒரு கூற்று மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்றது. தோட்டத்து உறவினனைக் கொடியவனாகச் சித்திரிப்பது துரைமாரையும் கம்பெனிகளையும் தப்பவிடும் செயல் என்பதே அது. இவர்களுக்கு எதிர்முனையில் நின்று கதை எழுதுவோரோ, உறவினனைக் கொடியவனாக்க முறுக்கிய மீசையும் சிவந்த கண்ணும் சாராய நெடியும் கையிலொரு பிரம்பும் போதுமெனக் கருதினர். முன்னையோர் கொடுமையை மறைக்கின்றனர். பின்னையோர் அதனைக் கேலிக்கூத்தாக்குகின்றனர். தோட்டத்தில் உறவு என்பது என்ன வேலையைச் செய்தது என்ற வினாவை இருசாராருமே எழுப்பவில்லை.

அவ்வினாவிற்கான விடை வரலாற்றிலேயே கிடக்கின்றது. பெரிய கங்காணி தன் ஊரிலே, தன் சாதியிலே, தன் பங்காளிகளிடையேயும் மாமன் மச்சான்மாரிடையேயுமே ஆள் திரட்டினான். வழிச்செலவிற்கு அவன் கொடுத்த முன்பணம் கப்பலேறுமுன்னரே கடனாகியது. அக்கடன் குறிக்கப்பெற்ற 'துண்டு' தோட்டத்திற்குத் தோட்டம் தொழிலாளியைத் தொடர்ந்து சென்றது. 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டுமுறை ஒழிக்கப்படும்வரை, ஒரு குடும்பத்தையே கைமாற்றிவிட அச்சிறு தாள் போதியதாயிருந்தது. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே நோயுற்ற மருமகனைப் பிரட்டுக்கு எழுப்பிவிடும் மாமனின் குரலில் அக்கறையும் ஆதாயமும் ஒன்றாகவே ஒலித்திருக்கும். அவற்றைப் பிரித்தறிய மருமகனால் இயலாது. மாமனாலும் இயன்றதா என்பது ஐயமே. துரையின் அதிகாரம் லயத்தின் அடுப்படிவரை நுழைந்தது இந்த முறைப்பெயரின் வழியாகத்தான். அவ்வாறாயின், மாமனை எழுதாமல் துரையை முழுமையாக எழுதுவது எங்ஙனம்?

தமிழ்க் கதைமரபு இதனை எப்போதோ அறிந்திருந்தது. நல்லதங்காள் கதையை நோக்குக. பஞ்சத்தால் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வந்தவளுக்கு மூளி அலங்காரி கதவடைக்கின்றாள். அவ்வளவில் அவள் கல்நெஞ்சக்காரி மட்டுமே. கேட்போர் பல்லைக் கடிப்பது அவள் கொடுக்கத் தொடங்கும்போதுதான். சமைத்துண்ண ஓட்டைச் சட்டியும் எரியாத பச்சை விறகும் கொடுக்கின்றாள். விருந்தோம்பலின் கிரியைகள் யாவும் நடைபெறுகின்றன. உணவு மட்டும் இல்லை. பின்னர் அவளுக்குக் கிடைக்கும் தண்டனையை மறந்தவர்களும் அந்த விறகை மறப்பதில்லை. கொடுக்க மறுத்தவளை மன்னித்துவிடலாம். கொடுத்ததாகக் கணக்குக் காட்டுபவளை மன்னிக்க மனம் இடங்கொடாது.

சகுனியும் மாமன்தான். எனினும் அவன்மீது எழும் வெறுப்பில் வியப்பும் கலந்திருக்கின்றது. பாண்டவர் அவன் கைச்சோற்றை எதிர்பார்த்து நின்றவரல்லர்; சூதுக்களத்தில் எதிரே அமர்ந்தவர். அண்டிநிற்பவனுக்கு இழைக்கப்படுவதே உறவின் கொடுமை. கம்பனின் கைகேயி இதற்கு அண்மையில் வருகின்றாள். காடேகும் ஆணையைத் தூதன் வாயிலாக அனுப்பாமல், மகனை எதிரே நிறுத்தித் தன் வாயாலேயே உரைக்கின்றாள். அதுவும் அரசன் சொன்னதாக உரைக்கின்றாள். தாய் என்ற உரிமையும் 'சொன்னவர் பெரியவர்' என்ற ஒதுக்கமும் ஒரே நாவிற் கூடுவதைக் கம்பன் கண்டுகொண்டான். துரையின் கட்டளையை மருமக்களுக்குக் கொண்டுவந்த கங்காணியின் பேச்சிலக்கணமும் இதுவேயன்றோ!

தோட்டங்களில் ஆடப்பட்டுவரும் பொன்னர் சங்கர் கூத்திலும் முதற்பகை பங்காளிப் பகையே. பிறக்கும் ஆண்மகவைக் கொல்லுமாறு மருத்துவச்சியை ஏவுபவர்கள் அயல்நாட்டுப் படையினரல்லர், பங்காளிகள். காணியே இல்லாத தொழிலாளர்கள் காணிக்காக நடந்த பங்காளிச் சண்டையை விடியவிடியப் பார்த்திருந்தனர். அவர்களுக்கு உறவின் கொடுமையைக் காட்டினால் வர்க்க உணர்வு மழுங்கிவிடுமென அஞ்சுவோர் அம்மக்களின் அறிவைக் குறைத்து மதிப்பிடுகின்றனர்.

1960-களில் வீரகேசரி நடத்திய மலையகச் சிறுகதைப் போட்டிகளும், பரிசுபெற்ற கதைகளைத் தாங்கி 1971-இல் வெளிவந்த 'கதைக் கனிகள்' தொகுதியும் ஓர் எழுத்தாளர் பரம்பரையை உருவாக்கின. அவர்களுள் ஒருவரான தெளிவத்தை ஜோசப் 1934-இல் ஹாலிஎலவிற்கு அண்மையிலுள்ள ஊவாக் கட்டவளைத் தோட்டத்திற் பிறந்தவர், 2022-இல் மறைந்தார். ஒற்றை லயக்காம்பறாவில் ஒரு குடும்பம் முழுவதும் நெருக்குண்டு கிடக்கும் அவலத்தை அவரது 'மீன்கள்' என்ற சிறுகதை பேசுகின்றது. கொடிய உறவினனைப் படைக்க விழைவோர் அந்தக் காம்பறாவின் அளவை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். மூளி அலங்காரிக்கு அடைப்பதற்குக் கதவிருந்தது. லயத்திற் கொடுமை செய்பவனும் அதற்கு ஆளாகுபவளும் கைநீட்டினால் தொடும் தூரத்திற் படுத்துறங்குகின்றனர்; ஒரே அடுப்பில் உலை வைக்கின்றனர். இங்கே பிரம்புக்கு வேலையில்லை. ரொட்டியை யாருக்குக் கடைசியிற் கொடுப்பது, சாயத் தண்ணீரில் யாருக்குச் சீனி போடாமல் விடுவது, கொழுந்து நிறுத்துத் திரும்பியவளைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று எந்தத் தொனியிற் கேட்பது என்பனவே அவனுடைய கருவிகள். பக்கத்துக் காம்பறாவில் உள்ளவர்களுக்கு அவன் நல்லவனாகவே தென்படுவான். பாடைக்குத் தோள்கொடுத்தவன் அவன். அன்றிரவே கோடித்துணியின் விலையைக் கணக்கிற் குறித்தவனும் அவனே. இரண்டையும் எழுதத் துணியாத கதையில் மீசை மட்டுமே எஞ்சும்.

1964 ஒக்டோபர் 30-இல் ஒப்பமான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்குரியவர்களாக ஒதுக்கியது. தலைமன்னாரிற் கப்பலேறியவர்கள் தலைமுறைகளாகப் பேர் மட்டுமே கேட்டிருந்த சித்தப்பன்மாரையும் அத்தைமாரையும் நம்பிச் சென்றனர். பலருக்கு அங்கே கிடைத்தது பச்சை விறகுதான். இப்பொருள் பற்றிய கதைகள் பெரும்பாலும் அரசுகளைச் சாடுவதோடு அமைந்துவிடுகின்றன. சாடுதல் தகும், இரு அரசுகளும் மனிதரைத் தலையெண்ணிப் பங்கிட்டன. ஆயினும் மறுவாழ்வுக் கடனுக்குக் கையொப்பம் வாங்கித் தந்துவிட்டுப் பாதியைத் தன் மடியிற் கட்டிக்கொள்ளும் சித்தப்பனை எழுதினால் அரசின் குற்றம் குறைந்துவிடுமா? அரசு திறந்துவிட்ட வாயிலில் அவன் நிற்கின்றான், அவ்வளவே.

கங்காணி முறை ஒழிந்ததோடு இந்த மாமன் மறைந்துவிட்டான் என எண்ணுதல் பேதைமை. ஊவாத் தோட்டங்களிலிருந்து சிறுமியரைக் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அழைத்துச் செல்பவர்களுள் சின்னம்மாவோ ஒன்றுவிட்ட அக்காவோ இருப்பது புதுமையன்று. 'படிக்க வைப்பார்கள்' என்று சொல்லியே அழைத்துச் செல்வார்கள். மாதச் சம்பளம் எவர் கைக்குப் போகின்றது என்று பெற்றவள் கேட்டால் உறவு முறிந்துவிடும். ஆகையால் அவள் கேட்பதில்லை. இச்சின்னம்மாவை எழுத முற்படும் இளைஞர் முதல்வரைவிலேயே அவளை ஓநாயாக்கிவிடுகின்றனர். பேருந்தில் அவள் சிறுமிக்குச் சன்னலோர இடத்தைக் கொடுப்பதையும், பண்டாரவளையிற் பனிஸ் வாங்கித் தருவதையும், வாந்தியெடுத்தபோது முதுகைத் தடவிவிடுவதையும் அவர்கள் எழுதுவதில்லை. அத்தடவலில் பொய்யில்லை. அடுத்த நாள் அவ்வீட்டு அம்மாளிடம் முதல் மாதச் சம்பளத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, சிறுமியின் தலையைக் கோதி, 'அம்மா சொல்ற பேச்சைக் கேளு' என்று கூறிவிட்டு அவள் படியிறங்குகின்றாள். சிறுமியின் கையில் பனிஸ் சுற்றிவந்த தாள் இன்னும் இருக்கின்றது.