நியூயார்க்கில் நாற்காலி, தெற்குத்திட்டையில் தரை

2020 ஜூன் 17. ஐ.நா. பாதுகாப்பு அவையில் இரண்டாண்டு இடத்துக்கான தேர்தலில், வாக்களித்த 192 நாடுகளில் 184 நாடுகள் இந்தியாவை ஆதரித்தன. ஆசிய-பசிபிக் பகுதியின் ஒரே வேட்பாளராக இந்தியாவை நிறுத்த பாகிஸ்தானும் சீனாவும்கூட ஓராண்டுக்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தன.

அடுத்த மாதம், கடலூர் மாவட்டம் புவனகிரி அருகே தெற்குத்திட்டையில் ஊராட்சிக் கூட்டம். துணைத்தலைவர் நாற்காலியில் இருந்தார். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவர், ஒரு தலித் பெண், தரையில் இருந்தார். அக்டோபரில் படம் வெளியான பிறகுதான் வழக்கும் பணியிடைநீக்கமும் வந்தன.

'அது வெளியுறவு, இது உள்ளூர் விவகாரம், இரண்டையும் முடிச்சுப் போடாதே' என்பார்கள். முடிச்சைப் போட்டதே ஒன்றிய அரசுதான்.

நிரந்தர இடம் கேட்பதை நான் எதிர்க்கவில்லை. அண்ணல் அம்பேத்கரே கேட்டவர்தான். சீனாவுக்காக வாதாடுவதை விட்டு, இந்தியா தனக்கே நிரந்தர இடம் கேட்கட்டும் என்று 1951இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தேர்தல் அறிக்கை சொன்னது. இன்று இந்தியா, ஜப்பான், ஜெர்மனி, பிரேசில் சேர்ந்து கேட்கின்றன. பாகிஸ்தான், தென்கொரியா, இத்தாலி, அர்ஜென்டினா சேர்ந்து தடுக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரன் பெரிய மனிதனாகிவிடக் கூடாது என்கிற அதே அரசியல்தான்.

ஆனால் ஐ.நா.வில் கதவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு மேசை இருக்கிறது. அரசு சாரா அமைப்புகளுக்கான கமிட்டி, 19 நாடுகள். இங்கே ஆலோசனைத் தகுதி கிடைத்தால்தான் ஓர் அமைப்பு தன் பெயரில் மனித உரிமை அவைக்குப் போய்ப் பேச முடியும். உறுப்பு நாடு ஒன்று கேள்வி கேட்டால் போதும், விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். டென்மார்க்கிலிருந்து இயங்கும் சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலைப்பின்னலின் விண்ணப்பத்தை இப்படியே சுமார் 15 ஆண்டுகள் தள்ளிப்போட வைத்தது இந்தியா. கேள்விக்குப் பதில் வந்தால் அடுத்த கேள்வி! நம் தாலுகா அலுவலகத்தில் சாதிச் சான்றிதழுக்கு அலைந்தவர்களுக்கு இந்த வித்தை புரியும்.

2022 டிசம்பர் 7 அன்று விஷயம் பொருளாதார, சமூக அவையின் வாக்கெடுப்புக்குப் போனது. ஆதரவு 24, எதிர்ப்பு 17, நடுநிலை 12. தகுதி கிடைத்தது. எதிர்த்தவர்களில் இந்தியாவும் உண்டு, கல்வானில் அதன் வீரர்களைக் கொன்ற சீனாவும் உண்டு. எல்லையில் ஒத்துப்போகாதவர்கள் இங்கே ஒத்துப்போனார்கள். (பாகிஸ்தான் நமக்காகப் பேசும் என்று யாரும் நம்ப வேண்டாம். துப்புரவு வேலைக்கு முஸ்லிம் அல்லாதவர் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரம் வந்த நாடு அது.)

இந்த எதிர்ப்புக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1965இல் இனப்பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை எழுதப்பட்டபோது, 'வம்சாவளி' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். அதே 1965இல்தான், காட்டுமன்னார்கோயில் பக்கம் அழிஞ்சிமங்கலத்தில் பிறந்த எல். இளையபெருமாள் தலைமையில் தீண்டாமை பற்றிய கமிட்டியை இந்திய அரசு அமைத்தது. 1969இல் வந்த அந்த அறிக்கை, வாரிசு அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சொன்னது. தமிழ்நாட்டு அர்ச்சகர் சட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக, வம்சாவளி என்றால் என்ன என்று டெல்லிக்குத் தெரியாமல் இல்லை. நாடு முழுக்கச் சுற்றி வந்து நம்மூர்க்காரர் ஒருவரே எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் 2001இல் டர்பன் மாநாட்டில், சாதி இனப்பாகுபாடு ஆகாது, அது எங்கள் உள்விவகாரம் என்று வாதாடி, சாதி பற்றிய வரிகள் இறுதி ஆவணத்தில் வராமல் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்று மறு ஆண்டே உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு எழுதியது. இந்தியா இன்றுவரை அதை ஏற்கவில்லை.

2022 ஏப்ரலில் அந்த 19 நாடுகள் கமிட்டிக்கு மறுபடி தேர்தல் நடந்தது. 2023 முதல் 2026 வரை இந்தியா உறுப்பினர். பாகிஸ்தானும் சீனாவும் அதே மேசையில்தான். கடலூரிலிருந்து நாளை ஒரு தலித் அமைப்பு விண்ணப்பித்தால், அந்தத் தாளும் அங்கேதான் போய்ச் சேரும்.