கடலில் கலந்த மலம் யாருடையது?

கடற்கரை ஜலம் கெட்டுவிட்டது என்று பேச்செழுந்தால் போதும். உடனே விரல் ஒரே திக்கில் நீளுகின்றது. "லயத்து ஜனங்களுக்குச் சுத்தம் ஏது? அவர்கள் மாடு மேயாத இடம் ஏது?" என்று பட்டணத்துக் கனவான்கள் தீர்ப்பளித்து விடுகின்றார்கள். அந்நிய தேசத்திலிருந்து வந்து இன்று அதே லயங்களில் வாழும் தொழிலாளரும் அதற்குத் தப்புவதில்லை. சாட்சி எங்கே, விசாரணை எங்கே என்று நாம் கேட்கின்றோம்.

இது மானத்தைப் பற்றிய வழக்கு மட்டுமன்று. சுங்கை செம்பிலாங், ஜெராம், கோலசிலாங்கூர்க் கரையோரச் சேற்றில் விளையும் கெராங் சிப்பி, ஜலத்தை வடித்து உண்டே உயிர் வாழ்வது. ஜலத்திலுள்ள மலக்கிருமி அதன் வயிற்றில் சேரும். அதனை அரைவேக்காடாய்த் தின்பவன் வயிற்றிலும் சேரும். மீனவர் பிழைப்பும் உண்பவர் பிராணனும் இதில் அடங்கியிருக்கின்றன.

ஜலத்தில் ஈ.கோலி கிருமியை எண்ணுவது பழைய முறை. அது மலம் கலந்திருப்பதற்கு அறிகுறியேயன்றி, யாருடைய மலம் என்று காட்டாது. மனிதன், மாடு, பறவை எல்லாவற்றின் குடலிலும் அக்கிருமி உண்டு. உஷ்ண நாட்டு மண்ணிலும் அது பிழைத்திருக்கும். இன்றோ, மனிதக் குடலுக்குரிய பாக்டீராய்ட்ஸ் கிருமியின் மரபணு அடையாளத்தைத் தனியே தேடலாம். மாட்டுக்குரியதை வேறாகத் தேடலாம். குடலில் கொலஸ்ட்ராலிலிருந்து உண்டாகும் கொப்ரோஸ்டனாலையும் அளக்கலாம். 2002இல் வெளியான ஆய்வொன்று மேற்கு மலேசிய நீர்நிலைகளிலேயே அதனை அளந்து காட்டியிருக்கின்றது.

இத்தனை வழியிருந்தும் ஊகத்தால் பழி சுமத்துவது அறிவுடைமையா? சிலாங்கூர் ஆற்றுப் படுகையில் தோட்டங்கள் மட்டுமா இருக்கின்றன? கோலகுபு பாரு, ரவாங், பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களும் உள்ளன. கழிமுகத்திலிருந்து மேலேறி, ஒவ்வொரு கிளையாறு சேருமிடத்திலும், மழைக்கு முன்னும் பின்னும் ஜலமெடுத்துச் சோதிக்கட்டும். 1901இல் கிள்ளானில் மலேரியாவை எதிர்க்கப் புகுந்த டாக்டர் மால்கம் வாட்சன், நோயாளியைப் பழித்துக் கொண்டிருக்கவில்லை. கொசு பிறக்கும் சதுப்பைத் தேடி வற்றச் செய்தார். மூலத்தைக் காண்பதே வைத்தியம்.

நம்மவர்க்கும் ஒரு வார்த்தை. நமது மலத்தொட்டிதான் கசிகின்றதென்று சோதனை காட்டுமானால், வாதாடாமல் ஒப்புக்கொண்டு சீர்செய்வோம். ஆனால் பங்களாவின் தொட்டியும் பட்டணத்துச் சாக்கடையும் அதே சோதனைக்கு உட்பட வேண்டும். மலத்தை அள்ளியவனைத் தாழ்ந்தவனென்றும், கழித்துவிட்டுப் போனவனை உயர்ந்தவனென்றும் கொண்டாடிய புத்தி, இன்று ஆற்றங்கரையிலும் வந்து நிற்கின்றது. கிருமிக்குச் சாதியும் தெரியாது, சம்பளமும் தெரியாது. சோதித்துச் சொல்லுங்கள், அதுவரை லயத்தை நோக்கி நீட்டிய விரலை மடக்குங்கள்!