அந்தச் சக்கரத்தை ஒருவராவது பார்த்தீர்களா?

விமான அருங்காட்சியக இயக்குநர் அவர்களுக்கு,

தங்கள் அலுவலகத்துக்கு நான் எழுதிய கடிதங்களும் நினைவூட்டல்களும் எந்தக் கோப்பில் கிடக்கின்றனவோ தெரியாது. மனு பதிவு செய்யப்பட்டது, பரிசீலனையில் உள்ளது என்று ஒரே ஒரு பதில் வந்தது. அதற்குப் பிறகு மழைக்காலங்கள் வந்து போய்விட்டன. சுவரில் எதுவும் மாறவில்லை. ஆகவே, இனி நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். தவறு தாங்கள் பொறுப்பேற்கும் முன்பே நடந்திருக்கலாம். திருத்த வேண்டிய நாற்காலியில் இன்று இருப்பவர் தாங்கள்தான்.

பழைய போர் விமானங்களின் புகைப்படங்கள் உள்ள கூடத்தில், நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். நான்கு எஞ்சின் கொண்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம். அதன் முன்னால் காக்கி அரைக்கால் சட்டை போட்ட எட்டுப் பேர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படையின் லிபரேட்டர், 1944 என்று கீழே எழுதி வைத்திருக்கிறீர்கள்.

அந்த எட்டுப் பேரில் வலது கோடியில் நிற்பவர் என் அப்பா. வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூர் போய், இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையில் தகடு வேலைக்குச் சேர்ந்தவர். அவர் எந்த அமெரிக்கப் படையிலும் இருந்ததில்லை.

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை, அமெரிக்காவிடம் கடன்-குத்தகையில் பெற்ற லிபரேட்டர்களைக் கான்பூரின் சக்கேரி தளத்தில் விட்டுப் போனது. இனி யாரும் பறக்கவிடக் கூடாது என்று உடலைக் கிழித்து, கருவிகளை உடைத்து, எஞ்சினுக்குள் மணலைக் கொட்டிவிட்டுப் போனது. 1948-ல் காஷ்மீரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. நம் விமானப்படையிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. பெங்களூர்த் தொழிற்சாலையிலிருந்து போன ஆட்கள்தான் அந்தக் குப்பையில் இறங்கினார்கள். ஒன்றின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் பொருத்தி, பெங்களூர் வரை பறந்தால் போதும் என்ற அளவுக்கு ஒட்டுப்போட்டார்கள். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே முழுசாகப் பிரித்துச் சரிசெய்தார்கள். அந்த நவம்பரிலேயே விமானப்படையின் 5-ஆம் ஸ்குவாட்ரன் லிபரேட்டர்களோடு தொடங்கிவிட்டது. 1968 வரை அவை பறந்தன. உலகில் 18,000-க்கும் மேல் கட்டப்பட்ட அந்த விமானத்தில் இன்று விரல்விட்டு எண்ணக்கூடியவையே மிச்சம். பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்திலும், கனடாவின் ஒட்டாவாவிலும், அமெரிக்காவின் அரிசோனாவிலும் நிற்பவை நம்மிடமிருந்து போனவை. அந்தத் தொழிற்சாலை ஆட்கள் கைபட்டுப் பிழைத்தவை.

ரிவெட் அடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. வெளியே ஒருவர் ரிவெட் துப்பாக்கியைப் பிடிப்பார். உள்ளே இன்னொருவர் இருட்டில் ஒடுங்கிப் படுத்து, இரும்பு டாலியை மறுமுனையில் அழுத்திப் பிடிப்பார். கை கொஞ்சம் நழுவினால் தகடு வீண். அப்பா உள்ளே படுப்பவர். கடைசிவரை அவருக்கு இடது காது சரியாகக் கேட்கவில்லை. நாங்கள் வலப்பக்கம் உட்கார்ந்துதான் பேசுவோம்.

படத்தில் அவர் தலைக்கு மேலே, விமானத்தின் பக்கவாட்டில் ஒரு வட்டம் தெரிகிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவராவது உற்றுப் பார்த்தாரா? அசோகச் சக்கரம். புதிதாக வரைந்த சக்கரம். அமெரிக்க விமானத்தில் இருந்தது நட்சத்திரம். 1944-ல் இந்தப் பக்கம் பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்களில் நீல வட்டம். ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக் கூடாது என்று நடுவிலிருந்த சிவப்பையே எடுத்துவிட்டிருந்தார்கள். நம் விமானங்களுக்குச் சக்கரம் வந்தது 1948-ல். 1950-ல் மூவண்ண வட்டம் வந்ததும் சக்கரம் போய்விட்டது. அந்த இடைவெளியில்தான் இந்தப் படத்தை எடுத்திருக்க முடியும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. தெரிந்தவர் அந்தச் சுவரைத் தாண்டித் தினமும் எப்படி நடந்து போகிறீர்கள் என்பதே என் கேள்வி.

பெங்களூர்த் தொழிற்சாலை போர்க்காலத்தில் அமெரிக்கப் படையின் பழுதுபார்ப்பு நிலையமாக இருந்தது உண்மை. கேட்டலினா கடல் விமானங்கள் பெல்லந்தூர் ஏரியில் இறங்கியதும் உண்மை. அதை எங்கோ படித்த யாரோ அவசரத்தில் 1944 என்று எழுதியிருப்பார். அந்த ஒரு வரியோடு போயிருந்தால் நான் இத்தனை தூரம் வந்திருக்க மாட்டேன்.

அந்தப் படத்தின் பின்பக்கத்தில் அப்பா பென்சிலால் எட்டுப் பேர் பெயரையும் இடமிருந்து வலமாக, தமிழில் எழுதியிருந்தார். கூடவே விமானத்தின் எண்ணும் மாதமும். அப்படியே உங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். நீங்கள் அதைப் பிளைவுட் பலகையில் பசை தடவி ஒட்டி, மேலே லேமினேஷன் போட்டு மாட்டியிருக்கிறீர்கள். ஓரத்தில் பசை கசிந்து மஞ்சளாகிவிட்டது. அந்தப் பெயர்கள் வேறு எந்தக் காகிதத்திலும் இல்லை. அந்த எட்டுப் பேரில் ஒருவரும் இன்று உயிரோடு இல்லை. எனக்கு நினைவில் நிற்பது அப்பா பெயரும், வீட்டுக்கு வந்து போன இன்னொருவர் பெயரும்தான். மற்ற ஆறு பேர்? அவர்களுடைய பேரப்பிள்ளைகள் உங்கள் கூடத்துக்கு டிக்கெட் வாங்கி வந்து, அது யாரோ வெள்ளைக்காரர் விமானம் என்று படித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம்.

மற்றவர்கள் நம்பிக் கொடுத்த நெகட்டிவ்கள் மாடிப்படிக்கு அடியில் ஓர் இரும்பு பீரோவில் இருக்கின்றன. உங்கள் ஊழியர் ஒருவர் இரக்கப்பட்டுத் திறந்து காட்டினார். கதவைத் திறந்ததும் வினிகர் வாடை முகத்தில் அடித்தது. ஃபிலிம் கெடத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ஒன்றில் தொடங்கினால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். வாசலில் நிற்கும் ஜெட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் பணம் இருக்கிறது, செல்ஃபி மேடை கட்டப் பணம் இருக்கிறது. இந்தப் பீரோவைக் காற்றோட்டமான ஓர் அறைக்கு நகர்த்தப் பணம் எதற்கு?

இயக்குநரே, விமானத்தை உடைத்துப் போட்டவர்களிடமிருந்து அதை மீட்டு நாட்டுக்குக் கொடுத்தவர்கள் அந்தப் படத்தில் நிற்பவர்கள். அவர்களுக்கு நீங்கள் தர வேண்டியிருந்தது ஒரு சரியான வரியும் எட்டுப் பெயர்களும். வரியைப் பொய்யாக்கினீர்கள். பெயர்களைப் பசைக்குள் புதைத்தீர்கள்.

அந்தப் படத்தை இந்த வாரமே சுவரிலிருந்து இறக்குங்கள். பழைய புகைப்படங்களைக் கையாளத் தெரிந்த ஒருவரை வரவழைத்து, பலகையிலிருந்து பிரித்து, பின்பக்கத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர் உடன் இருக்கட்டும், நான் வருகிறேன். உங்களால் முடியாது என்றால் ரசீது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எங்கள் படத்தை எங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வலது கோடியில் நிற்பவரின் மகள்