தோல் போகிறது, பிள்ளை போக வேண்டாமா?

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிட்ட தோலும், தைத்த காலணியும் சென்னைத் துறைமுகம் வழியே ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் இங்கிலாந்துக்கும் போகின்றன. நம் வணிகப் பெருமக்கள் மாதிரிப் பெட்டிகளுடன் அந்நாட்டுச் சந்தைகளுக்குச் சென்று திரும்புகிறார்கள். அதே வழியில் நாம் அனுப்பத் தவறியவன் ஒருவன் இருக்கிறான். அவன் ஆராய்ச்சி மாணவன். அவனுக்காகவே இன்று வழக்காட வந்திருக்கிறோம்.

குறை சொல்லுமுன் நன்றி சொல்வது முறை. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1965இல் மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியும், 1969இல் ஆம்பூரில் மஜ்ஹருல் உலூம் கல்லூரியும் வந்தன. தோலில் ஈட்டிய பொருளைக் கல்வியில் இட்ட பெரியவர்கள் வாழ்ந்த மண் இது. அவர்கள் கட்டிய படியில் நின்றுகொண்டு, அடுத்த படி எங்கே என்று கேட்கிறோம்.

ஏன் கேட்கிறோம்? நம் சோற்றுப் பானையின் விதி அயல்நாட்டு ஆய்வுக்கூடங்களில் எழுதப்படுகிறது என்பதால் கேட்கிறோம். 1989இல் பி.சி.பி. என்னும் பூஞ்சணக் கொல்லியை ஜெர்மனி தடை செய்தது. 1994இல் அசோ சாயங்களில் சிலவற்றையும் விலக்கியது. அங்கே சட்டம் மாறினால் இங்கே டேனரியின் தொட்டியில் ஊற்றும் மருந்து மாறியாக வேண்டும். விதி எழுதப்படும் இடத்தில் நம் பிள்ளை ஒருவன் அமர்ந்து படித்தால், நாளை வரப்போகும் தடையை இன்றே எழுதி அனுப்பமாட்டானா?

பாலாற்றின் கதை இன்னும் கசப்பானது. 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழ்பட்டதைச் சுட்டியது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நிலைநாட்டியது. 2025 ஜனவரி 30இல் அதே நீதிமன்றம் மீண்டும் பாலாற்றுக்காகப் பேச நேர்ந்தது. இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்! அந்த ஆண்டுகளில் உப்பு நீரைப் பற்றியும் குரோமியத்தைப் பற்றியும் ஆராய்ந்து வர எத்தனை பிள்ளைகளை நம் செலவில் அனுப்பினோம்? வழக்கறிஞர்களுக்குக் கொடுத்ததில் ஒரு பங்கை மாணவர்களுக்குக் கொடுத்திருந்தால், ஆறும் தொழிலும் ஒருங்கே பிழைக்கும் வழியை நம்மவரே கண்டிருக்கக் கூடாதா?

சென்று கற்றுத் திரும்பியவன் என்ன செய்வான் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. குண்டூர் மாவட்டத்து உழவர் குடும்பத்தில் 1922இல் பிறந்தவர் நாயுடம்மா. தோல் தொழில் அவருடைய குலத்தொழில் அன்று. இங்கிலாந்திலும், பின்னர் அமெரிக்காவின் லீஹாய் பல்கலைக்கழகத்திலும் தோலியல் கற்றார், திரும்பி வந்தார். 1948இல் அடையாற்றில் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக 1958 முதல் 1971 வரை பணியாற்றினார். ஆய்வறையின் அறிவைத் தோல் பதனிடுவோரின் வாசலுக்குக் கொண்டுவந்தார். 1973இல் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மைய அரசு வரம்பு கட்டியபோது, முழுமைப்படுத்திய தோலுக்கும் காலணிக்கும் நம் ஊர்கள் மாற முடிந்ததென்றால், அந்நிலையம் வளர்த்த அறிவுக்கும் அதில் பங்குண்டு. வெளிநாடு சென்ற ஒருவரின் படிப்பு இத்தனை அடுப்புகளை எரியவைத்தது!

தீனின் கல்வியில் இதை நாம் அறியாதவர்களும் அல்லர். 1924இல் தோன்றிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாமில் ஓதியோர் மதீனாப் பல்கலைக்கழகம் சென்று பயின்றது ஊரறிந்த செய்தி. அஜம்கரில் பிறந்து உமராபாத்தில் ஓதிய மௌலானா ஸியாவுர் ரஹ்மான் ஆஸமி, மதீனாவிலும் அல்அஸ்ஹரிலும் கற்று, மதீனாவிலேயே ஹதீஸ் துறையின் தலைமைப் பொறுப்பை வகித்தார். பாலாற்றங்கரையிலிருந்து மதீனாவுக்குப் பாதை உண்டென்றால், லீட்ஸுக்கும் நார்தாம்டனுக்கும் மட்டும் பாதை அடைபட்டுவிட்டதா?

“அரசாங்கம் கொடுக்கட்டுமே” என்பார் சிலர். அரசாங்கம் கொடுத்ததையே எடுத்துக்கொண்டது. சிறுபான்மை ஆராய்ச்சி மாணவர்க்கான மௌலானா ஆஸாத் தேசிய உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. வெளிநாட்டுப் படிப்புக் கடனுக்கு வட்டி மானியம் தந்த ‘படோ பர்தேஷ்’ திட்டமும் அவ்வாண்டோடு முடிந்தது. இதைக் கண்டிக்கிறோம், இன்னும் உரக்கக் கண்டிப்போம். தமிழக அரசு 2025இல் 10 முஸ்லிம் மாணவர்களின் வெளிநாட்டு உயர்கல்விக்கு உதவி அறிவித்ததை வரவேற்கிறோம். ஆனால், மாநிலம் முழுமைக்கும் பத்து இடம் என்றால் நம் ஊருக்கு எத்தனை வரும்? பிறர் திறக்கும் கதவு பிறர் கையால் மூடவும்படும். நம் சாவி நம்மிடம் இருக்க வேண்டும்.

“போனவன் திரும்ப மாட்டான்” என்பது அடுத்த தடை. அச்சம் நியாயமானது, அதற்கு மருந்தும் உண்டு. 1950 பிப்ரவரி 2இல் இந்தியாவும் அமெரிக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் தொடங்கிய ஃபுல்பிரைட் திட்டத்தின்கீழ் அமெரிக்கா செல்லும் அறிஞர், படிப்பு முடிந்தபின் இரண்டாண்டுகள் தாயகத்தில் இருந்தாக வேண்டும் என்பது விதி. நாமும் அப்படியொரு நிபந்தனை விதிக்கலாம். அதைவிடப் பெரிய கட்டு ஒன்றுண்டு: திரும்பி வருபவனுக்கு வேலையும் ஆய்வுக்கூடமும் வைத்திருப்பது. கற்று வந்தவனைக் கணக்கெழுத உட்கார வைத்துவிட்டு, அவன் மீண்டும் விமானம் ஏறினான் என்று நொந்துகொள்வதில் பொருளில்லை.

“பெண்பிள்ளை எப்படிப் போவாள்?” என்ற குரலும் கேட்கிறது. இமாம் புகாரி தம் தாயாருடன் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, அறிவு தேடி நாடு நாடாய் நடந்தவர். அறிவுப் பயணத்தின் தொடக்கத்திலேயே ஒரு தாய் உடன்வந்த மரபு நம்முடையது. துணையுடன் அனுப்ப வேண்டுமா, துணைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். நம் காலணித் தொழிற்சாலைகளின் தையல் பிரிவுகளில் பெண்கள் உழைக்க வரலாம், அவர்களின் மகள் ஆராயப் போகக் கூடாது என்பது எந்த ஊர் நீதி?

நாம் கேட்பது இதுதான். தோல் வட்டாரத்து உரிமையாளர்களும் கல்விச் சங்கங்களும் மஹல்லா ஜமாஅத்துகளும் ஒன்றுகூடி அறிவுப் பரிமாற்ற நிதி ஒன்றைத் தொடங்கட்டும். ஆண்டுக்கு இரண்டே பேர் போதும். அவருள் ஒருவர் பெண்ணாகட்டும். தேர்வு அறிஞர் கையில் இருக்கட்டும். நன்கொடையாளரின் மருமகனுக்கென்று இடம் வேண்டாம். ஊரும் மதமும் பாராமல் தொழிலாளியின் பிள்ளைக்கும் அதில் கதவு திறந்திருக்கட்டும். ஆற்று நீரை எல்லோரும்தானே குடிக்கிறோம்? பரிமாற்றம் என்ற சொல்லுக்கேற்ப அங்கிருந்தும் ஓர் ஆய்வாளர் இங்கு வந்து தங்கட்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட நம் முன்னோரின் கைப்பக்குவத்தை அவர் நம்மிடம் கற்கட்டும். கொடுப்பதற்கு நம்மிடமும் இருக்கிறது. கையேந்திப் போக வேண்டியதில்லை.

பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு நிக்காஹ் விருந்துக்கு எத்தனை தேக்சா பிரியாணி இறங்கியது என்று பெருமை பேசும் ஊர்கள் நம்முடையவை. அந்தத் தேக்சாக்களில் சிலவற்றைக் குறைத்தால் ஒரு மாணவனின் கப்பற்செலவு கிடைக்கும்; அவன் கொண்டுவரும் கல்வியோ தலைமுறைக்கும் பசியாற்றும்.

அறிவைத் தேடிச் சீனம்வரை போகச் சொல்லி மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கியது போதும். முதல் பிள்ளைக்குப் பயணச்சீட்டு எடுங்கள்.