காட்டில் செத்த நரிக்கும் கணக்கு வேண்டும்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வந்து, ஆகாய கங்கையில் நீராடி, அறப்பளீஸ்வரரைத் தரிசித்துத் திரும்பும் யாத்திரிகர்கள் காண்பது பலாவும் மிளகுக் கொடியும் சாமைக் காடுமே. அக்காட்டுக்குக் காவலிருக்கும் நாயும், இருட்டிய பின் சோலையிலிருந்து இறங்கிவரும் நரியும் ஒரே வரப்பில் எதிர்ப்படுவதை அறிந்தவர்கள் அங்கே ஆடுமாடு மேய்த்து வாழும் மலையாளிக் குடிகள்தாம். வெறிநோய் நாயிடமிருந்து நரிக்கும், நரியிடமிருந்து மீண்டும் நாய்க்கும் மாட்டுக்கும் தாவுவதற்கு இத்தகைய வரப்புகளே ஏதுவாகின்றன.

நம் நாட்டில் மனிதரை இந்நோய் தாக்குவது பெரும்பாலும் நாய்க்கடியால்தான். ஆகையால், 2030-க்குள் நாய்வழி வெறிநோய் மரணத்தை ஒழிக்கவென்று 2021-இல் வெளியான தேசியச் செயல்திட்டம் நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதைப் பிரதானமாகக் கொண்டது முற்றிலும் நியாயமே. அதில் ஒரு காசைக்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டோம். ஆயினும், நரியும் கீரியும் காட்டுப்பூனையும் எதனால் மாண்டன என்று பாராமலே மலையிலிருந்து நோய் அகன்றுவிட்டதாக அறிவிப்பது, கிணற்றை எட்டிப் பாராமல் நீர் வற்றிவிட்டது என்று சாதிப்பதை ஒக்கும்.

1978-இல் சுவிட்சர்லாந்தில், மருந்து வைத்த கோழித் தலைகளை ரோன் பள்ளத்தாக்கில் இறைத்து நரிகளின் வெறியை மறித்தார்கள். நோய் எத்திசையில் நகர்கிறது என்பதைச் செத்த நரிகளைப் பரிசோதித்து அறிந்திருந்ததால்தான் தடுப்பு எங்கே வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்தது. எத்தியோப்பியாவின் பாலே மலையிலோ, இடையர்களின் நாய்களிடமிருந்து பரவிய வெறி, உலகில் சில நூறே எஞ்சியுள்ள ஓநாய் இனத்தை 1990-களின் தொடக்கத்திலும் மறுபடி 2003-இலும் சூறையாடிற்று. நோய் காட்டிலிருந்து ஊருக்கு மட்டுமன்று, ஊரிலிருந்து காட்டுக்கும் போகிறது. மலை நாய்க்குப் போடும் ஊசி மலை நரிக்கும் காப்பாகும்.

நாம் கேட்பது பெரிய காரியமன்று. இந்நோயை ஐயமற நிர்ணயிக்க மூளைத் திசுவைப் பரிசோதித்தாக வேண்டும். வெயிலில் கிடந்து அழுகிய உடல் அதற்கு உதவாது. மலையடிவாரத்துக்கு அப்பால் நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிலையம் இருக்கிறது. மலைமீதுள்ள செம்மேட்டில் ஓர் ஐஸ் பெட்டியும், முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொண்டு பயிற்சி பெற்ற இரண்டு மூன்று ஊழியர்களும், செய்தி சொல்ல ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தால் தொடங்கிவிடலாம். செத்த பிராணியை ஊரார் எவரும் தொடலாகாது, சொன்னால் போதும். வனம், கால்நடை, சுகாதாரம் ஆகிய மூன்று இலாகாக்களும் முடிவை ஒரே ஏட்டில் பதிய வேண்டும். ஒரு நரியிடம் நோய் உறுதியானால், அந்தச் சுற்றுவட்டாரத்து நாய்களுக்கெல்லாம் தாமதமின்றித் தடுப்பூசி போட வேண்டும். கடிபட்டோரையும் கீறல்பட்டோரையும் தேடிச் செல்ல வேண்டும்.

கடித்தது நாயாயினும் நரியாயினும், காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பதை மலைப் பள்ளிகள் ஒவ்வொன்றும் கற்பிக்கட்டும். தடுப்பூசியோடு எதிர்ப்புச் சீரமும் மலைமீதே எந்நேரமும் கிடைக்கட்டும். நள்ளிரவில் கடிபட்டவனை 70 வளைவுகளும் இறங்கி வா என்று சொல்ல எந்தச் சர்க்காருக்கும் உரிமையில்லை.