சாலையோரத்துப் பெட்டைக் குட்டிகள்

மழைக்காலம் ஓய்ந்து பனி இறங்கும் நாள்களில் கேளம்பாக்கம், திருப்போரூர், மாமல்லபுரம் வழியே செல்வோர் கண்ணில் தவறாமல் படும் ஒன்று உண்டு. அட்டைப் பெட்டியிலோ கோணிப்பையிலோ வைத்துச் சாலையோரத்தில் விடப்பட்ட நாய்க்குட்டிகள்! எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் பெட்டைகளாகவே இருக்கும். ஆண் குட்டியைக் காவலுக்கென்று யாரேனும் கேட்டு வாங்கிக்கொள்கின்றனர். பெட்டையோ, நாளை குட்டி போடும் என்ற ஒரே காரணத்தால் ஊர் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விடப்படுகிறது. “எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும்” என்று சொல்லி வீடு திரும்புகிறோம். பால்குடி மறவாத குட்டி எவ்வாறு பிழைக்கும், அன்பர்களே? உயிரினத்தைப் பட்டினிக்கு விட்டுச் செல்வதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமென்றே கூறுகிறது.

இத்தகைய குட்டிகளை எடுத்துப் பேணி, நல்லதோர் இல்லத்தில் சேர்ப்பதை விடுமுறை நாள் பணியாகக் கொண்ட தொண்டர்கள் இன்று நம் பகுதியிலும் உளர். சென்னையில் இப்பணிக்கு நீண்ட மரபு உண்டு. 1959ஆம் ஆண்டு மழைவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் சுந்தரம் மீட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடைய துணைவியார் உஷா சுந்தரமும் விமானியே. அவ்வில்லத்தில் பிறந்ததுதான் ‘புளூ கிராஸ்’ சங்கம். தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாக, 1964இலேயே கருத்தடைத் திட்டத்தை அச்சங்கம் தொடங்கிற்று. மாநகராட்சி அவ்வழிக்கு வர 1996 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

குட்டியை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கொண்டுசெல்வது எளிதெனத் தோன்றும், எளிதன்று. எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. வெவ்வேறு இடங்களில் கிடைத்த குட்டிகளை ஒரே பெட்டியில் அடைத்தலும் ஆகாது. ஒன்றுக்குப் ‘பார்வோ’ நோய் இருந்தால் அனைத்தையும் அது வாரிக்கொண்டு போகும். அந்நோய்க் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆதலால் குட்டி இறந்த வீட்டுக்கு உடனே மற்றொன்றைக் கொடுக்க அனுபவமுள்ள தொண்டர் இசையமாட்டார். புறப்படுமுன் வயிறு நிறைய உணவு கூடாது. இரக்கப்பட்டுப் பசும்பாலை ஊற்றிக் கழிச்சலை வரவழைப்போரும் நம்மில் பலர்.

பயணத்தைவிடக் கடினமானது, போய்ச் சேரும் வீட்டைத் தேர்வதே. பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள் என்று கோடை விடுமுறையில் வாங்கிச் சென்று, பள்ளி திறந்ததும் திருப்பித் தரும் பெற்றோர் உண்டு. அதனால்தான், வீட்டில் அனைவரும் இசைந்தனரா, ஊருக்குச் செல்லும்போது யார் சோறிடுவார், வாடகை வீடாயின் வீட்டுக்காரர் ஒப்பினாரா என்றெல்லாம் தொண்டர்கள் துருவிக் கேட்கின்றனர். பெண் பார்க்க வந்தவர்போல் கேள்வி கேட்கிறாரே என்று சிலர் சினக்கின்றனர். கேட்கட்டுமே! பல்லாயிரம் கொடுத்துப் பனிநாட்டு ‘ஹஸ்கி’ நாயை வாங்கிச் செங்கற்பட்டு வெயிலில் வாட்டுகிறவரை ஒருவரும் கேட்பதில்லை.

தாய்மார்கள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும். குட்டிதானே என்று அதன் கடியையும் கீறலையும் புறக்கணிக்காதீர்கள். குட்டிக்கும் வெறிநோய் இருக்கக்கூடும். காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வளர்க்கும் குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும்.

தோபியா நெடும்பயணம் புறப்பட்டபோது வீட்டு நாயும் உடன் சென்றதாக விவிலியத்தில் வாசிக்கிறோம். அது ஆணா பெட்டையா என்று அங்கே எழுதப்படவில்லை. நம் ஊரில் குட்டி கேட்டு வருவோரின் முதல் கேள்வியோ அதுவாகவே இருக்கிறது. ஏறத்தாழ ஆறு மாத வயதில் கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்துவிட்டால், பெட்டையும் ஆணைப்போலவே வாசலில் காவல் இருக்கும். அடுத்த மார்கழியில் அட்டைப் பெட்டிக்கும் வேலை இராது.