எந்தக் கணக்கில் 48?

ஜெயித்தவனைக் கீழே தள்ளினீர்கள். எங்களிடம் தோற்றவனை மேலேயே உட்கார வைத்தீர்கள். 2016 அக்டோபர் 3ஆம் தேதி இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வெளியிட்ட அறிவிப்பின் சாரம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் வக்கீல் பாஷை.

அந்தப் பருவத்தில் கவுண்டி சாம்பியன்ஷிப்பின் முதல் டிவிஷனில் எங்கள் டர்ஹாம் அணிக்கு நான்காவது இடம். ஆகஸ்டில் இருபது ஓவர் கோப்பையின் இறுதிப் போட்டி வரைக்கும் போய் நார்த்தாம்ப்டன்ஷயரிடம் தோற்றோம். செப்டம்பரில் பருவத்தின் கடைசி ஆட்டம், எங்கள் ரிவர்சைட் மைதானத்தில், ஹாம்ப்ஷயருக்கு எதிராக. ஜெயித்தோம். அந்தத் தோல்வியோடு ஹாம்ப்ஷயர் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. அவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போனபோது எங்களுக்கே பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தை எங்களுக்காகச் சேமித்து வைத்திருக்கலாம். சில நாளில் தீர்ப்பு வந்தது: இறங்க வேண்டியது ஹாம்ப்ஷயர் அல்ல, டர்ஹாம். அதுவும் போதாதென்று அடுத்த ஆண்டு சாம்பியன்ஷிப்பை 48 புள்ளி கழித்துத் தொடங்க வேண்டும். இருபது ஓவர் போட்டியில் 4, ஒருநாள் கோப்பையில் 2 கழிவு. ஆட்டக்காரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு. இனி டெஸ்ட் கேட்கும் உரிமையும் இல்லை.

ஒரு வெற்றிக்கு 16 புள்ளி. 48 என்றால் மூன்று வெற்றி. நான்கு நாள் ஆட்டங்களில் மூன்று வெற்றிக்கு ஈடான புள்ளி சேர்த்தால்தான் நாங்கள் பூஜ்யத்துக்கே வர முடியும்.

என்ன குற்றம் செய்தோம்? எங்கள் பையன்கள் சூதாட்டக்காரனிடம் கை நீட்டினார்களா? பந்தைச் சுரண்டினார்களா? ஆடுகளத்தைக் கெடுத்தார்களா? ஒன்றும் இல்லை. கிளப் கடனில் மூழ்கியது. வாரியம் 38 லட்சம் பவுண்டு கொடுத்துத் தூக்கிவிட்டது. தூக்கிவிட்ட கையாலேயே ஓங்கி அறைந்தது.

சரி, கடன் எப்படி வந்தது? இதைத்தான் அன்றைக்கு எந்த மேசையிலும் யாரும் சத்தமாகக் கேட்கவில்லை.

1882இல் தொடங்கிய கிளப் இது. நூறு ஆண்டுக்கு மேல் சிறு கவுண்டிகளின் வரிசையில் நின்றது. 1973இல் ஜில்லெட் கோப்பையில் யார்க்ஷயரையே வீழ்த்தி, முதல்தரக் கவுண்டி ஒன்றை அந்தப் போட்டியில் தோற்கடித்த முதல் சிறு கவுண்டி என்ற பெயர் வாங்கியது. அதற்குப் பிறகும் கதவு திறக்கப் பல ஆண்டுகள் ஆயின. 1921இல் கிளமார்கனைச் சேர்த்ததற்குப் பிறகு புதிதாக ஒரு கவுண்டியை முதல்தரத்துக்கு எடுத்தது 1992இல் எங்களைத்தான். சும்மா எடுக்கவில்லை. டெஸ்ட் நடத்தும் தரத்தில் ஒரு மைதானம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு எடுத்தார்கள். அது அன்றைய வாரியம் போட்ட நிபந்தனை. நாங்களாகப் பேராசைப்பட்டு மாளிகை கட்டவில்லை.

அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்று தெற்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். டர்ஹாம் நிலக்கரிப் பூமி. ஈசிங்டன் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. அதே ஆண்டின் கடைசியில் சண்டர்லாந்தில் மாங்க்வியர்மவுத் சுரங்கமும் போனது. அதோடு டர்ஹாமின் நிலக்கரி வயல் முழுக்க முடிந்தது. தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கு அடியில் வேலை பார்த்த குடும்பங்களுக்குப் பகல் வெளிச்சத்தில் பெருமைப்பட ஒன்று வேண்டியிருந்தது. கால்பந்து இருந்தது, ஆனால் அது நியூகாசில் ஒரு பக்கம், சண்டர்லாந்து ஒரு பக்கம் என்று ஊரையே பிளக்கும். கிரிக்கெட்டில்தான் இரண்டு கரையும் ஒரே அணியின் பக்கம் உட்கார்ந்தன. குடியேறி வந்த என்னைப் போன்ற ஒரு தமிழனையும் பக்கத்தில் இடம் போட்டு உட்கார வைத்தன.

ஆரம்பம் அவமானம்தான். 1994இல் பர்மிங்காமில் பிரையன் லாரா அடித்த 501 எங்களுக்கு எதிராகத்தான். 12 ரன்னில் போல்டானார், நோ பால். 18இல் விக்கெட் கீப்பர் கேட்சை விட்டார். உலகம் அதைச் சொல்லிச் சிரித்தது, நாங்களும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே மைதானத்தைக் கட்டினோம். 1995இல் செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்டில் ரிவர்சைட் திறந்தது. ஒரு பக்கம் வியர் ஆறு, எதிரே மேட்டில் லம்லி கோட்டை. இங்கிலாந்தில் இதைவிட அழகான டெஸ்ட் மைதானம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். நான் பாரபட்சமாகத்தான் பேசுகிறேன், தெரியும்.

2003இல் ஜிம்பாப்வேக்கு எதிராக முதல் டெஸ்ட். அப்போது டெஸ்ட் நடத்தும் ஊர்கள் குறைவு. பிறகு கார்டிஃப் வந்தது, சவுத்தாம்ப்டன் வந்தது. ஒன்பது மைதானங்கள், கோடைக்கு ஏழு டெஸ்ட். யார் அதிகம் தருகிறீர்கள் என்று வாரியம் கேட்டது. ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு தொகை சொன்னார்கள். நாங்களும் சொன்னோம். சொல்லாமல் இருந்தால் கட்டிய இருக்கைகளில் புல் முளைக்கும். ஆனால் எங்களுக்குக் கிடைத்த டெஸ்டுகளைப் பாருங்கள். மொத்தம் ஆறு. ஜிம்பாப்வே, பங்களாதேஷ், மேற்கிந்தியத் தீவுகள் இரண்டு முறை, ஆஸ்திரேலியா, இலங்கை. ஆறில் ஐந்து மே அல்லது ஜூன் மாதத்தில். வட கிழக்கு இங்கிலாந்தின் மே மாதம் என்ன என்று லார்ட்ஸில் ஷாம்பெயின் குடிப்பவர்களுக்குத் தெரியாது. கம்பளிக் குல்லா, கையுறை, பிளாஸ்கில் டீ, அப்படியும் எலும்பில் குத்தும் காற்று. அந்தக் காற்றில் பாதி இருக்கை காலியாகக் கிடக்கும். மறுநாள் பத்திரிகைகள், ‘வடக்கே டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு ஆதரவு இல்லை’ என்று பாடம் நடத்தும். ஒரே ஒரு முறை ஆகஸ்டில் கொடுத்தார்கள், 2013 ஆஷஸ். அந்த ஊரைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்டூவர்ட் பிராட் 50 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து அந்த மாலை ஆட்டத்தையே புரட்டியபோது லம்லி கோட்டைச் சுவர் அதிர்ந்திருக்கும். இங்கிலாந்து 74 ரன்னில் ஜெயித்தது. ஆதரவு இல்லையாம்!

மைதானம் கட்டு என்றது நீங்கள். கட்டியதும் ஏலம் கேள் என்றது நீங்கள். குளிரில் ஆட்டத்தைக் கொடுத்ததும் நீங்கள். நஷ்டம் வந்ததும் தடியை எடுத்ததும் நீங்கள். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நீங்கள் கிள்ளிவிட்டு, அழுததற்காகப் பிள்ளையை அடித்தீர்கள்.

எங்கள் நிர்வாகத்தில் தவறே இல்லை என்று நான் வாதாடவில்லை. பணம் வருவதற்கு முன்பே செலவழித்திருக்கிறார்கள். ஆனால் கடன் எங்களுக்கு மட்டும்தானா? அதே 2016இல் யார்க்ஷயரின் கடன் இரண்டு கோடி பவுண்டுக்கு மேல். அதில் பெரும்பகுதி, அன்றைய வாரியத் தலைவரின் குடும்ப அறக்கட்டளைகளுக்குத் தர வேண்டிய பணம். அவர்களைத் தாங்க ஒரு பணக்காரர் இருந்தார். ஹாம்ப்ஷயரின் மைதானக் குத்தகையை ஈஸ்ட்லி நகர மன்றமே வாங்கிக்கொண்டது. எங்களைத் தாங்க யார்? எங்கள் கவுண்டி மன்றம் தாங்கியது. ஓரளவுக்கு மேல் அதனாலும் முடியவில்லை. பணக்காரன் பட்ட கடனுக்குப் பெயர் முதலீடு, ஏழை பட்டால் குற்றம்.

ஹாம்ப்ஷயர் ஆட்டக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார்கள். (2007இல் லார்ட்ஸில் நடந்த ஒருநாள் கோப்பை இறுதியில் எங்கள் ஓட்டிஸ் கிப்சன் தன் முதல் இரண்டு பந்திலேயே அவர்களில் இருவரை அனுப்பியதை நினைத்து நான் அவ்வப்போது மனதை ஆற்றிக்கொள்வேன்.) இரண்டாம் டிவிஷனில் இரண்டாவதாக வந்த கென்ட்டும், ஓர் இடம் காலியாகிறது என்றால் எங்களை ஏன் மேலே எடுக்கவில்லை என்று கேட்டது. நியாயமான கேள்வி. பதில்தான் நியாயமாக இல்லை.

இவ்வளவையும் யாருக்குச் செய்தீர்கள் என்று பாருங்கள். 2008, 2009, 2013 என்று மூன்று முறை சாம்பியன்ஷிப்பை வென்ற அணிக்கு. அந்த அணிக்காரர்கள் விலைக்கு வாங்கி வந்தவர்களா? ஹார்மிசனும் மார்க் வுட்டும் ஆஷிங்டன் சுரங்க ஊர்ப் பிள்ளைகள். காலிங்வுட் ஷாட்லி பிரிட்ஜ். ஆனியன்ஸ் கேட்ஸ்ஹெட். பிளங்கட் மிடில்ஸ்பரோ. பென் ஸ்டோக்ஸ் கம்ப்ரியாவிலிருந்து வந்து எங்களிடம் வளர்ந்தவர். தண்டனை அறிவித்து இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும். எங்கள் கீட்டன் ஜென்னிங்ஸ் மும்பையில் தன் முதல் டெஸ்டிலேயே 112 அடித்தார். அடுத்த பருவம் முடிந்ததும் அவரும் ஆனியன்ஸும் லங்காஷயருக்குப் போனார்கள். ஸ்டோன்மனும் போர்த்விக்கும் அதற்கு முன்பே சர்ரேக்குப் போய்விட்டார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம். 2017இல் கழிவோடு தொடங்கி இரண்டாம் டிவிஷனில் ஒன்பதாவது இடத்தில் முடித்தோம். 2019 ஜூலையில் லார்ட்ஸில் உலகக் கோப்பையை இங்கிலாந்து தூக்கியபோது ஸ்டோக்ஸ், வுட், பிளங்கட் மூன்று பேரும் அந்தப் பதினொருவரில் இருந்தார்கள். கோப்பை உங்களுக்கு, கடன் எங்களுக்கு.

பிறகு வந்தது 2023. யார்க்ஷயரில் இனவெறி இருந்தது என்பது ஒப்புக்கொள்ளப்பட்டு, ஒழுங்கு ஆணையம் தண்டனை சொன்னது. அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். சாம்பியன்ஷிப்பில் எத்தனை புள்ளி கழித்தார்கள் தெரியுமா? 48. ஒரு மனிதனை அவன் தோலுக்காகவும் மதத்துக்காகவும் குத்திக் காயப்படுத்திய கிளப்புக்கும் 48, மைதானம் கட்டிக் கடன்பட்ட கிளப்புக்கும் 48. இந்த ஊர்த் தெருவில் நடக்கும் பழுப்புத் தோல்காரன் நான். எனக்கு இந்தக் கணக்கை யாராவது உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள்.

அந்த 2023இல்தான் நாங்கள் இரண்டாம் டிவிஷனை வென்று, திரும்பி வந்திருந்த போர்த்விக்கின் தலைமையில் மேலே ஏறினோம். ஏழு ஆண்டு ஆயிற்று. இதற்குள் ‘ஹண்ட்ரட்’ என்று ஒரு போட்டியைக் கொண்டுவந்து எட்டு மைதானங்களுக்குப் பங்கு போட்டாயிற்று, டர்ஹாமுக்கு இல்லை. எங்கள் பக்கத்து அணி என்று லீட்ஸைக் காட்டினார்கள். காரில் போனால் எண்பது மைலுக்கு மேல். அந்த அணியை 2025இல் சென்னையின் சன் குழுமம் ஏறக்குறைய பத்து கோடி பவுண்டுக்கு வாங்கியபோது ஊரிலிருந்து நண்பர்கள் வாழ்த்துச் சொல்லி அழைத்தார்கள். நம்மூர்ப் பணம் வந்துவிட்டதே, உனக்குச் சந்தோஷம்தானே என்று. எங்களைக் கீழே தள்ளப் போதுமானதாக இருந்தது 38 லட்சம் பவுண்டு. நான் என்ன பதில் சொல்ல?

2025 செப்டம்பரில் மறுபடியும் கீழே இறங்கினோம். இந்த முறை யாரும் தள்ளவில்லை. மோசமாக ஆடினோம், வோர்ஸ்டர்ஷயரோடு சேர்ந்து இறங்கினோம். எங்களுக்கு ஒரு படி மேலே தப்பித்து நின்றது யார்? அதே ஹாம்ப்ஷயர். அன்று மாலை இங்கே ஒருவரும் வாரியத்தைத் திட்டவில்லை, மனு எழுதவில்லை. ஆட்டத்தில் தோற்றால் அதைச் சுமக்கத் தெரிந்த ஜனம் இது. அடுத்த ஏப்ரலில் அதே குல்லாவை மாட்டிக்கொண்டு இரண்டாம் டிவிஷன் பார்க்கப் போவோம்.

ஆனால் 2016ஐ விட மாட்டோம். ரிவர்சைடில் கடைசி டெஸ்ட் நடந்தது அந்த ஆண்டு மே மாதம். அலாஸ்டர் குக் பத்தாயிரம் ரன்னைத் தொட்ட முதல் இங்கிலாந்துக்காரர் ஆனது அந்த ஆட்டத்தில்தான். அதற்குப் பிறகு லீட்ஸுக்கு வடக்கே இந்த நாட்டில் டெஸ்ட் கிரிக்கெட் இல்லை. எங்களுக்கு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு டெஸ்ட் கொடுங்கள், ஏலம் இல்லாமல். அதோடு அந்த 48ஐ எந்தக் கணக்கில் போட்டீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.